183 நாள் கணக்கு: இரண்டு நாட்டில் வேலை பார்ப்பவருக்கு வரி எந்த நாட்டில்?

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போனால் வேலையும் கூடவே வந்துவிடுகிறது. வருடத்தில் ஏழெட்டு மாதம் ஓரிடம், மிச்ச மாதங்கள் இன்னோரிடம் என்று வாழ்பவர்கள் இன்று நிறையப் பேர். வேலையோடு வரியும் வந்திருக்கிறது என்பது அவர்களில் பலருக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து, ஏதாவது ஒரு வரித்துறையின் கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது.

அதுவரை அவர்கள் நம்பியிருந்தது பெரும்பாலும் மூன்று வாக்கியங்களை. "183 நாளுக்குள் திரும்பிவிட்டால் அங்கே வரி இல்லை." "சம்பளம் இந்த நாட்டு அக்கவுண்டில்தான் விழுகிறது, அந்த நாட்டுக்கு எதற்குக் கட்ட வேண்டும்?" "இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு நாட்டில் கட்டினால் போதும்." முதல் வாக்கியத்தில் பாதி உண்மை. இரண்டாவது பெரும்பாலும் தவறு. மூன்றாவது, ஒப்பந்தம் என்ன செய்கிறது என்பதையே தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தது.

## கேள்வி ஒன்றல்ல, மூன்று

"எனக்கு எங்கே வரி?" என்று ஒரே கேள்வியாகக் கேட்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன.

1. நீங்கள் எந்த நாட்டின் வரி வசிப்பாளர்? பேச்சில் 'ரெசிடென்ட்' என்கிறோமே, அதுதான். வசிப்பாளர் என்றால் பெரும்பாலான நாடுகள் உங்கள் உலகளாவிய வருமானம் முழுவதையும் கணக்கில் காட்டச் சொல்லும்.
2. சம்பளத்தின் எந்தப் பகுதி எந்த நாட்டில் விளைந்தது? வசிப்பாளராக இல்லாவிட்டாலும், தன் மண்ணில் விளைந்த வருமானத்துக்கு ஒரு நாடு வரி கேட்கலாம்.
3. பென்ஷன், மருத்துவம் போன்றவற்றுக்கான சமூகப் பாதுகாப்புச் சந்தா எந்த நாட்டுக்கு?

மூன்றுக்கும் மூன்று வேறு சட்டங்கள், பல நாடுகளில் மூன்று வேறு அலுவலகங்கள். முதல் கேள்விக்கு ஒரு நாடும் மூன்றாவது கேள்விக்கு இன்னொரு நாடும் பதிலாக வருவது சாதாரணம். ஒன்றின் பதிலை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது.

விசா இதில் சேரவே சேராது. 2020-ல் எஸ்டோனியா தொலைதூரப் பணியாளர்களுக்கென்று தனி விசா கொண்டுவந்த பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. அப்படிப்பட்ட விசா, அங்கே தங்கி வேலை செய்ய அனுமதி தருகிறது. வரி உண்டா இல்லையா என்பதை அந்த நாட்டின் வரிச் சட்டம் தனியாக முடிவு செய்யும்.

## முதல் கேள்வி: நீங்கள் எந்த நாட்டு வசிப்பாளர்?

ஒவ்வொரு நாடும் தன் வசிப்பாளர் யார் என்பதைத் தன் சட்டத்தின்படி தானே தீர்மானிக்கிறது. நாள் கணக்கு அதில் முக்கியமானது. ஆனால் எல்லா நாடுகளும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை.

இந்தியாவில் ஒரு நிதியாண்டில் 182 நாள் இருந்தால் வசிப்பாளர். அதற்குக் குறைவாக, 60 நாள் மட்டும் இருந்தாலும், அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இருந்திருந்தால் வசிப்பாளராகலாம். வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கும் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும் இந்த 60 நாள் விதியில் தளர்வுகள் உண்டு. பிரிட்டனில் 183 நாள் இருந்தால் சந்தேகமே இல்லை. அதற்குக் கீழே போனால் வீடு, குடும்பம், வேலை என்று அங்கே உங்களுக்குள்ள பிணைப்புகளை எண்ணுவார்கள். பிணைப்பு கூடக் கூட அனுமதிக்கப்படும் நாட்கள் குறையும்.

அமெரிக்காவின் கணக்குதான் பலரைத் தடுக்கி விழவைப்பது. நடப்பு ஆண்டில் குறைந்தது 31 நாள் இருக்க வேண்டும். அதோடு நடப்பு ஆண்டின் எல்லா நாட்கள், போன ஆண்டு நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்தைய ஆண்டு நாட்களில் ஆறில் ஒரு பங்கு, இவற்றைக் கூட்டினால் 183 வரக்கூடாது. வருடத்துக்கு 120 நாள் வீதம் மூன்று வருடம் போய்வருகிறவரைப் பாருங்கள்: 120 + 40 + 20 = 180. தப்பித்தார். அதே ஆள் ஒவ்வொரு வருடமும் இரண்டே நாள் கூடுதலாக, 122 நாள் இருந்தால் மொத்தம் சரியாக 183. மூன்றாவது வருடம் அவர் அமெரிக்க வசிப்பாளர். 'நான் நான்கு மாதம்தானே இருந்தேன்' என்று அவர் சொல்வது உண்மை. சட்டம் பார்ப்பது அதை மட்டுமல்ல. வேறு நாட்டோடு நெருங்கிய தொடர்பு இருப்பதை உரிய படிவத்தில் நிரூபித்தால் விலக்குக் கேட்கலாம், கேட்காதவருக்குக் கிடைக்காது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இந்த நாள் கணக்கே கிடையாது. எங்கே வாழ்ந்தாலும் அவர்கள் அமெரிக்காவில் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியவர்கள்.

வரியாண்டும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஜனவரி 1, பிரிட்டனில் ஏப்ரல் 6, இந்தியாவில் ஏப்ரல் 1, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1. ஒரே பயணம் ஒரு நாட்டில் ஒரே ஆண்டுக்குள்ளும் இன்னொரு நாட்டில் இரண்டு ஆண்டுகளில் உடைந்தும் விழும். அதனால் ஒரே சமயத்தில் இரண்டு நாட்டிலும் வசிப்பாளர் ஆவது எளிதாக நடக்கிறது.

அப்படி நடந்தால் யார் பக்கம் சேர்ப்பது என்று சொல்ல ஒப்பந்தம் உள்ளே வருகிறது. இன்றைய ஒப்பந்தங்களில் மிகப் பல, ஓஇசிடி என்ற பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தையோ ஐக்கிய நாடுகள் சபையின் மாதிரியையோ ஒட்டி எழுதப்பட்டவை. அவற்றின் 4-வது பிரிவு, இரட்டை வசிப்பாளரை ஒரு பக்கம் சேர்க்கச் சில கேள்விகளை வரிசையாகக் கேட்கிறது:

1. நிரந்தர வீடு எங்கே இருக்கிறது? சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் போய்த் தங்கும்படி உங்கள் கைவசம் இருக்கும் வாடகை வீடும் சேரும்.
2. இரண்டு நாட்டிலும் வீடு இருந்தால், குடும்பமும் பொருளாதாரத் தொடர்புகளும் எங்கே நெருக்கம்?
3. அதுவும் தெளிவாக இல்லையென்றால், வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள்?
4. பிறகு, எந்த நாட்டின் குடியுரிமை?
5. கடைசியில், இரு நாட்டு அதிகாரிகளும் பேசி முடிவு செய்வார்கள்.

வரிசை முக்கியம். முதல் கேள்வியிலேயே விடை கிடைத்தால் அடுத்ததற்குப் போகவே மாட்டார்கள். ஒரு நாட்டில் மட்டும் வீடு வைத்துக்கொண்டு, மற்ற நாட்டில் ஹோட்டல் ஹோட்டலாக 200 நாள் தங்கியவரை ஒப்பந்தம் வீடு இருக்கும் பக்கமே சேர்க்கும்.

## இரண்டாவது கேள்வி: சம்பளம் எங்கே விளைந்தது?

வேலைச் சம்பளத்துக்கு விதி சுருக்கமானது. வேலை செய்த நேரத்தில் உங்கள் உடம்பு எங்கே இருந்ததோ, அங்கேதான் அந்தச் சம்பளம் விளைந்தது. கம்பெனி எங்கே பதிவானது, பணம் எந்த வங்கிக்கு வந்தது, வாடிக்கையாளர் எங்கே இருக்கிறார், எதுவும் இதை மாற்றாது. அக்கவுண்டைக் காட்டி வாதாடுவது இதனால்தான் எடுபடுவதில்லை.

பிரித்துக் கணக்கிடுவதற்கு வழக்கமான வழி வேலை நாட்களை வைத்துத்தான். ஆண்டுச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்த வேலை நாள் 240. அதில் 160 நாள் 'அ' நாட்டில், 80 நாள் 'ஆ' நாட்டில். மூன்றில் ஒரு பங்கு, அதாவது 10,000, 'ஆ' நாட்டில் விளைந்தது. ஆண்டு போனஸும் அந்த ஆண்டின் வேலைக்கு உரியதென்றால் இதே விகிதத்தில் பிரியும். கம்பெனிப் பங்குகள் கொடுத்திருந்தால், அவற்றை ஒதுக்கிய நாளிலிருந்து அவை உங்கள் உரிமையாகும் நாள் வரை நீங்கள் எங்கெங்கே வேலை செய்தீர்கள் என்று பின்னோக்கிப் பார்ப்பார்கள். ஒரு நாட்டைவிட்டுக் கிளம்பி இரண்டு வருடம் ஆன பிறகும் அந்த நாட்டின் வரி தொடர்ந்து வருவது இந்த வழியில்தான்.

## 183 நாளின் முழு விதி

எல்லோரும் சொல்லும் 183, ஓஇசிடி மாதிரியின் 15-வது பிரிவிலிருந்து வருகிறது. வேலை செய்த நாடு வரி போடலாம் என்பதே அங்கே பொது விதி. ஒரு விலக்கு உண்டு, அதற்கு மூன்று நிபந்தனைகள். மூன்றும் ஒன்றாகப் பூர்த்தியாக வேண்டும்.

1. வரியாண்டில் தொடங்கும் அல்லது முடியும் எந்தப் பன்னிரண்டு மாதக் காலத்திலும் அங்கே நீங்கள் இருந்த நாட்கள் 183-ஐத் தாண்டக்கூடாது.
2. சம்பளம் கொடுப்பவர் அந்த நாட்டு வசிப்பாளராக இருக்கக்கூடாது. அப்படிப்பட்ட ஒருவர் சார்பாகவும் சம்பளம் வந்திருக்கக்கூடாது.
3. உங்கள் கம்பெனிக்கு அந்த நாட்டில் நிலையான வணிக இருப்பு (கிளை, அலுவலகம் போன்றது) இருந்து, சம்பளச் செலவு அதன் கணக்கில் விழுந்திருக்கக்கூடாது.

நம் காதுக்கு வந்து சேர்வது முதல் நிபந்தனை மட்டும்தான். 'ஆ' நாட்டுக் கம்பெனியில் வேலை, வீடு 'அ' நாட்டில், மாதம் நான்கைந்து நாள் அலுவலகத்துக்குப் போகிறார் ஒருவர். ஆண்டுக்கு 50 நாள்தான். ஆனால் சம்பளம் கொடுப்பவர் 'ஆ' நாட்டவர் என்பதால் இரண்டாவது நிபந்தனை உடைந்துவிட்டது. அந்த 50 நாளின் சம்பளத்துக்கு 'ஆ' நாடு முதல் நாளிலிருந்தே வரி கேட்கலாம். தாய்க் கம்பெனி சம்பளம் போட்டுவிட்டு அந்தச் செலவை உள்ளூர்க் கிளை நிறுவனத்திடம் திரும்ப வசூலித்தாலும் சிக்கல்தான். காகிதத்தில் முதலாளி யார் என்பதை விட்டுவிட்டு, உண்மையில் யாருக்காக, யாருடைய உத்தரவில் வேலை நடந்தது என்று பார்க்கும் நாடுகள் பல.

முதல் நிபந்தனையையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இங்கே எண்ணப்படுவது வேலை நாள் அல்ல, இருந்த நாள். தன் மாதிரி ஒப்பந்தத்துக்கு ஓஇசிடி எழுதிய விளக்கவுரையின்படி வந்த நாள், கிளம்பிய நாள், சனி, ஞாயிறு, பண்டிகை விடுமுறை, காய்ச்சலில் படுத்த நாள் எல்லாம் சேரும். நாளின் ஒரு பகுதி இருந்தாலும் ஒரு முழு நாள். பிரிட்டனின் உள்நாட்டு வசிப்பாளர் கணக்கோ பொதுவாக நள்ளிரவில் அங்கே இருந்தீர்களா என்று கேட்கிறது. காலையில் வந்து மாலையில் திரும்பிய ஒரே நாள், ஒரு கணக்கில் ஒன்று, இன்னொன்றில் பூஜ்யம்.

பழைய ஒப்பந்தங்களில் 'பன்னிரண்டு மாதக் காலம்' என்பதற்குப் பதில் 'வரியாண்டு' என்றே இருக்கும். வித்தியாசம் சின்னதல்ல. வரியாண்டு ஜனவரியில் தொடங்கும் நாட்டில் ஒருவர் செப்டம்பர் 1 முதல் மார்ச் 31 வரை இருக்கிறார். முதல் ஆண்டில் 122 நாள், அடுத்த ஆண்டில் 90. வரியாண்டு வாசகத்தில் இரண்டுமே 183-க்குக் கீழே. பன்னிரண்டு மாத வாசகத்தில் தொடர்ச்சியாக 212 நாள், விலக்குப் போய்விட்டது. உங்கள் இரு நாடுகளுக்கு இடையே உள்ள ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது, பொதுவான கட்டுரைகள் பத்தைப் படிப்பதைவிடப் பயன் தரும். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

## ஒப்பந்தம் இருந்தும் ஏன் கூடுதலாகக் கட்டுகிறோம்?

இரண்டு நாடும் ஒரே சம்பளத்தின் மேல் கை வைக்கிறபோது விட்டுக்கொடுக்க வேண்டியது வழக்கமாக வசிக்கும் நாடு. விட்டுக்கொடுப்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, வெளிநாட்டில் கட்டிய வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ள அனுமதிப்பது. இதுதான் டாக்ஸ் கிரெடிட். இன்னொன்று, அந்தப் பகுதி வருமானத்துக்கு விலக்குத் தருவது.

மேலே சொன்ன 30,000 சம்பளத்துக்கே வருவோம். அதில் 10,000 'ஆ' நாட்டில் விளைந்தது. அங்கே விகிதம் 25 சதவீதம், வரி 2,500. வசிக்கும் நாடான 'அ' முழுச் சம்பளத்துக்கும் 18 சதவீதம் போடுகிறது, வரி 5,400. கிரெடிட் 2,500 கிடைக்கும் என்று நினைப்போம். கிடைப்பது 1,800. அந்த 10,000-க்குத் தான் போட்டிருக்கும் வரி எவ்வளவோ அதுவரைதான் 'அ' நாடு கழிக்க விடும். மொத்தம் 6,100 கட்டியாக வேண்டும், 700 திரும்பாது. 'ஆ' நாட்டின் விகிதம் 10 சதவீதமாக இருந்தால் அங்கே கட்டிய 1,000 முழுவதும் கழிந்து, மொத்த வரி 5,400-லேயே நிற்கும். குறைந்த வரி நாட்டுக்குப் போய்ச் சில மாதம் வேலை செய்தால் மிச்சம் பிடிக்கலாம் என்ற கணக்கு, கிரெடிட் முறையில் இப்படித்தான் உதவாமல் போகிறது. இரண்டு விகிதத்தில் எது அதிகமோ, அந்தப் பகுதிச் சம்பளத்துக்கு அதுதான் விழும்.

விலக்கு முறையில் வேறு கதை. ஜெர்மனி பல ஒப்பந்தங்களில் வெளிநாட்டில் விளைந்த சம்பளத்துக்கு வரி போடுவதில்லை. ஆனால் மிச்ச வருமானத்துக்கு விகிதம் தீர்மானிக்கும்போது அதையும் சேர்த்துக்கொள்கிறது. அங்கே வரி கட்டியதற்கோ, அந்த நாடு வரியை விட்டுக்கொடுத்ததற்கோ சான்றும் கேட்கிறது. அமெரிக்கா, வெளிநாட்டில் வாழும் தன் குடிமக்களுக்கு ஒப்பந்தத்துக்கு வெளியே ஒரு விலக்குத் தருகிறது. பன்னிரண்டு மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருப்பது அதற்குத் தகுதி பெறும் வழிகளில் ஒன்று. 2025-க்கு உச்சவரம்பு 1,30,000 டாலர். வருடத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்பவர் அந்த 330-ஐ எட்டமாட்டார். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள், மத்திய அரசு போட்ட வரி ஒப்பந்தங்களைத் தங்கள் மாநில வரிக்கு ஏற்பதே இல்லை.

கடைசியில் மொத்தம் எவ்வளவு என்பதைவிட நடுவில் பணம் முடங்குவதுதான் குடும்பங்களை அதிகம் வாட்டுகிறது. 'அ' நாட்டுக் கம்பெனி மாதாமாதம் முழுச் சம்பளத்துக்கும் வரி பிடிக்கிறது. 'ஆ' நாடு தன் 2,500-ஐ உடனே கட்டச் சொல்கிறது. 'அ' நாட்டின் 1,800, ரிட்டர்ன் தாக்கல் செய்து ரீஃபண்டாக வரும்வரை காத்திருக்க வேண்டும். மாதப் பிடித்தத்திலேயே இதைச் சரிசெய்ய வழி உண்டா என்று சம்பளப் பிரிவிடம் கிளம்புவதற்கு முன்பே கேட்க வேண்டும்; சில நாடுகள் அதை அனுமதிக்கின்றன.

## கம்பெனி ஏன் தயங்குகிறது?

வெளிநாட்டிலிருந்து இரண்டு மாதம் வேலை செய்யட்டுமா என்று கேட்டால் நிர்வாகம் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது நிலையான வணிக இருப்பு பற்றிய பயம். ஊழியரின் வீடு கம்பெனியின் அலுவலகம் என்று கருதப்பட்டால், அல்லது அங்கிருந்தபடி அவர் கம்பெனி பெயரில் ஒப்பந்தங்களை முடித்துத் தந்தால், கம்பெனியின் லாபத்தில் ஒரு பங்குக்கு அந்த நாடு வரி கேட்கலாம். 2025 நவம்பரில் ஓஇசிடி தன் விளக்கவுரையைத் திருத்தியபோது இதில் ஓர் அளவுகோல் கிடைத்தது. பன்னிரண்டு மாதத்தில் மொத்த வேலை நேரத்தில் 50 சதவீதத்துக்கும் குறைவாக அந்த வீட்டிலிருந்து வேலை செய்தால், பொதுவாக அது கம்பெனியின் வணிக இடமாகாது. அதற்கு மேல் போனால், ஊழியர் அங்கே இருப்பதற்கு வணிகக் காரணம் உண்டா என்று பார்ப்பார்கள். அங்கே வாடிக்கையாளர்களைச் சந்திக்க வேண்டியிருப்பது வணிகக் காரணம். ஊழியரின் சொந்த வசதி மட்டும் அப்படிப்பட்ட காரணம் ஆகாது. எல்லா நாடும் இதை ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டதல்ல. ஆனாலும் நிர்வாகத்திடம் பேசுவதற்கு இது நல்ல பிடி.

ஃப்ரீலான்ஸாக, சுயதொழிலாக வேலை செய்பவர்களுக்கு 15-வது பிரிவு பொருந்தாது. மற்ற நாட்டில் அவருக்கு நிலையான தொழிலிடம் உண்டா என்பதே முதல் சோதனை. ஓஇசிடி 2000-ல் சுயதொழிலுக்கான தனிப் பிரிவை நீக்கிவிட்டது. ஆனால் பல ஒப்பந்தங்களில் அது இன்னும் இருக்கிறது, சிலவற்றில் நாள் வரம்போடு.

## மூன்றாவது கேள்வி: சமூகப் பாதுகாப்புச் சந்தா

வருமான வரி ஒப்பந்தம் இதைத் தொடாது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பல நாடுகளில் வருமான வரிக்கு இணையான தொகையே இதில் போகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், ஒரே சமயத்தில் ஒரு நாட்டில் மட்டும் சந்தா கட்டினால் போதும். அதற்குச் சான்று ஏ1 என்ற சான்றிதழ். வசிக்கும் நாட்டில் வேலையின் 25 சதவீதமோ அதற்கு மேலோ நடந்தால், சந்தா அந்த நாட்டுக்குப் போகும். 2023 ஜூலை 1 முதல், இதற்கென்றே வந்த ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்ட நாடுகளுக்கு இடையே, வீட்டிலிருந்து செய்யும் வேலை 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விண்ணப்பித்து முதலாளியின் நாட்டிலேயே தொடரலாம். வருமான வரிக்கு இந்த அளவுகள் எதுவும் செல்லாது. லக்ஸம்பர்கில் வேலை செய்துகொண்டு ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியத்தில் வசிப்பவர்கள் ஆண்டுக்கு 34 நாள் வரை லக்ஸம்பர்குக்கு வெளியே வேலை செய்தாலும், அந்தச் சம்பளத்துக்கும் வரி லக்ஸம்பர்கிலேயே என்று வருமான வரி ஒப்பந்தங்கள் சலுகை தருகின்றன. சுவிட்சர்லாந்தில் வேலை செய்யும் பிரெஞ்சு எல்லையோர ஊழியர்களுக்கு வீட்டிலிருந்து செய்யும் வேலையின் வரம்பு வேலை நேரத்தில் 40 சதவீதம். ஒரே ஊழியருக்கு ஒரே சமயத்தில் இரண்டு வரம்புகள்.

சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமே இல்லாத நாடுகளுக்கு இடையே நிலைமை கடினம். இந்தியாவும் அமெரிக்காவும் வருமான வரி ஒப்பந்தத்தில் 1989-லேயே கையெழுத்திட்டன. சமூகப் பாதுகாப்புக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்கச் சம்பளத்தில் ஊழியர் பங்காக 7.65 சதவீதம் போகிறது. ஓய்வூதிய உரிமை வர 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து வருட வேலை தேவை. ஆறு வருடத்தில் திரும்பிவிடுகிறவர் கட்டியது அவருக்குப் பயன்படாமலே போகலாம். வருமான வரியைப் போல இதைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

## கையில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தச் சலுகை தானாக வந்து சேராது; கேட்டு, சான்று காட்டி வாங்க வேண்டும். பெரும்பாலும் கேட்கப்படுபவை இவை:

1. நாள் பதிவேடு. எந்தத் தேதியில் எந்த நாடு, அன்று வேலையா விடுமுறையா என்று அன்றன்றே எழுதியது. கூடவே விமான டிக்கெட், போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகல். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதைப் பல நாடுகள் கைவிட்டுவருவதால், முத்திரையை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.
2. வசிப்பாளர் சான்றிதழ். வசிக்கும் நாட்டின் வரித்துறை, ஆண்டுவாரியாகத் தருவது.
3. மற்ற நாட்டில் வரி கட்டிய ரசீது, அங்கே தாக்கல் செய்த ரிட்டர்ன். கிரெடிட் கேட்கும்போது சம்பளச் சீட்டு மட்டும் போதாமல் போகலாம்.
4. ஏ1 அல்லது அதற்கு இணையான சந்தாச் சான்றிதழ். பயணத்துக்கு முன்பே வாங்க வேண்டியது.

காட்டாமல் விட்டால் தெரியாது என்ற காலம் போய்விட்டது. 2017 முதல் நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களைத் தாமாகவே பரிமாறிக்கொள்கின்றன. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் அந்த ஏற்பாட்டில் இருக்கின்றன.

இவ்வளவும் செய்தும் இரண்டு நாடும் ஒரே சம்பளத்துக்கு வரி கேட்டு நின்றால், ஒப்பந்தத்தின் 25-வது பிரிவு ஒரு வழி தருகிறது. வசிக்கும் நாட்டின் உரிய அதிகாரியிடம் மனு கொடுத்தால், இரு நாட்டு அதிகாரிகளும் பேசித் தீர்க்க முயல வேண்டும். மெதுவான வழிதான், மாதங்கள் வருடங்களாகும். ஆனால் வழக்குக்குப் போகாமலே தீர வாய்ப்புள்ள ஒரே வழி பல சமயம் இதுதான். இதற்கு மாதிரி ஒப்பந்தம் தரும் கெடு, ஒப்பந்தத்துக்கு முரணான வரி பற்றி முதல் அறிவிப்பு வந்ததிலிருந்து மூன்று ஆண்டு. சில ஒப்பந்தங்களில் இரண்டே ஆண்டு. அதனால் நோட்டீஸ் வந்த உறையையும், அது கைக்கு வந்த தேதியையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.